ஆரோனியன் – ஆனந்த், வைக் ஆன் ஸீ 2013: மூன்று இடங்கள் புரியவில்லை, விளக்குங்கள்

ஞாயிறு_செஸ்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். குதிரை எப்படிப் போகும், கேஸ்லிங் எப்படிச் செய்வது என்பதையெல்லாம் தாண்டிவிட்டார்கள். இப்போது பெரியவர்கள் ஆடிய முழு ஆட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்கு நான் எடுத்து வைத்திருப்பது 2013 ஜனவரி 15 அன்று, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியின் நாலாவது சுற்றில் லெவோன் ஆரோனியனும் ஆனந்தும் ஆடிய ஆட்டம். ஆரோனியன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. 23 நகர்த்தலிலேயே முடிந்துவிட்டது.

பல தடவை பலகையில் வைத்துப் பார்த்தும் மூன்று இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை.

13-வது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை எச்7 (எச் கோட்டில் ஏழாவது கட்டம்) சிப்பாயை எடுக்கிறது, கூடவே எஃப்8 யானையையும் தாக்குகிறது. ஆனந்த் குதிரையையும் எடுக்கவில்லை, யானையையும் நகர்த்தவில்லை, பாட்டுக்கு எஃப்6 குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோகிறார். சரி, ஆரோனியனாவது யானையை எடுத்தாரா என்றால் அவரும் எடுக்காமல் எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளுகிறார். ஏன்?

அடுத்தது 16-வது நகர்த்தல், டி7 குதிரை இ5-க்கு வருவது. அந்த நேரத்தில் கறுப்புக்கு ஒரு யானை, ஒரு பிஷப், இரண்டு குதிரைகள் என்று நாலு காய் வெட்டுக்கு நிற்கின்றன. எஃப் சிப்பாயால் எடுத்தால் மேட் வருகிறது என்று பார்த்துவிட்டேன். மற்ற வழிகளில் எடுத்தால் என்ன ஆகும்?

மூன்றாவது 19-வது நகர்த்தல். நானாக இருந்தால் யோசிக்காமல் ராணியை எச்4-க்குக் கொண்டுபோய் மேட் மிரட்டியிருப்பேன். ஆனந்த் எஃப்5 என்று சிப்பாயை நகர்த்துகிறார். ஒரு யானை கீழே இருக்கும்போது அப்படி ஒரு அமைதியான நகர்த்தலுக்கு எங்கிருந்து நேரம் வந்தது?

இன்னொன்று. இதெல்லாம் ஆனந்த் வீட்டிலேயே கணினிச் செஸ் எஞ்சினோடு தயார் செய்து கொண்டுவந்தது, பிள்ளைகளிடம் போய் மேதைமை அது இதுவென்று சொல்லாதே என்று என் நண்பர் ஒருவர் சொல்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

மேரான்_பாதை:

வணக்கம் சார். நல்ல ஆட்டமாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். இதைக் காட்டும்போது எந்தக் காய் வெட்டுப்படுகிறது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, எந்தக் கோடு திறக்கிறது, எந்தக் கோடு அடைபடுகிறது என்று பாருங்கள். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை, செமி-ஸ்லாவில் மேரான் வகை. 12-வது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வரும்போது அதற்குப் பின்னால் டி3-இல் பிஷப், சி2-இல் ராணி, மூன்றும் எச்7-ஐக் குறி வைத்து நிற்கின்றன. ஆனந்த் சி6 சிப்பாயை சி5-க்குத் தள்ளுகிறார். எச்7-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் அந்தச் சிப்பாய் நகர்ந்ததும் பி7 பிஷப்புக்கு ஜி2 வரை பாதை திறந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நகர்த்தல் வரை இந்த பிஷப்தான் பேசப்போகிறது.

13-இல் எச்7 குதிரையைக் கறுப்புக் குதிரையால் எடுத்தால் வெள்ளை பிஷப் எச்7-இல் செக்கோடு திருப்பி எடுக்கும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் இலவசம், கறுப்பு ராஜாவின் கூரையும் பிய்ந்துபோகும். அதனால்தான் ஜி4. இப்போது வெள்ளை ஆசைப்பட்டு யானையை எடுத்தால், டி6 பிஷப் எச்2 சிப்பாயை எடுத்து செக், ராஜா எச்1, ராணி எச்4. அடுத்து அந்த பிஷப் ஜி3-க்கு விலகினால் ராணியின் செக் திறந்துகொள்ளும், ராஜா ஜி1-க்கு வந்தால் ராணி எச்2-இல் மேட். ஜி2 சிப்பாயை நகர்த்தித் தடுக்கலாமா என்றால் முடியாது, அதை பி7 பிஷப் ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. எஃப்1 யானையை விலக்கி ராஜா ஓட வழி செய்துகொள்ளலாம், ஆனால் அப்படி ஓடுகிற ராஜா எங்கும் நிம்மதியாக உட்காரப் போவதில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரோனியன் எஃப்4 ஆடி, டி6 பிஷப்பின் பாதையை அடைத்தார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எஃப் சிப்பாய் எஃப்2-ஐ விட்டுக் கிளம்பியதும் வெள்ளை ராஜா நிற்கும் ஜி1-க்கு வரும் வேறொரு மூலைக்கோட்டில் ஒரு காவல் போய்விட்டது. ஆனந்த் உடனே டி4-இல் எடுக்கிறார், வெள்ளை இ சிப்பாயால் திருப்பி எடுக்கிறது, இ3-இல் இருந்த காவலும் போயிற்று. இப்போது சி5-க்கும் ஜி1-க்கும் நடுவில் டி4 சிப்பாய் ஒன்று மட்டுமே மிச்சம். உடனே 15-இல் டி6 பிஷப் சி5-க்கு! ஒரு பாதையை அடைத்தால் அதே பிஷப் அடுத்த பாதைக்கு மாறிவிடுகிறது. டி4 சிப்பாய் அதை எடுத்தால் டி7 குதிரை சி5-இல் திருப்பி எடுக்கும், டி கோடு திறக்கும், டி3 பிஷப் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்கும், ராணி டி4-க்கு செக்கோடு வரும் மிரட்டலும் கூடவே வந்து நிற்கும். ஆரோனியனுக்கு அது பிடிக்கவில்லை. ஜி4 குதிரையை விரட்டலாம் என்று 16-இல் பிஷப்பை இ2-க்குப் பின்வாங்கினார். பார்த்தால் ரொம்ப இயல்பான நகர்த்தல்.

அதற்குப் பதில்தான் குதிரை இ5. முதலில், டி4 சிப்பாயால் இ5-ஐ எடுக்கவே முடியாது. எடுத்தால் சி5 பிஷப்பின் செக் ராஜா மேல் விழும், அது விதிப்படி தப்பு. எஃப் சிப்பாயால் எடுத்தால் ராணி டி4-இல் எடுத்து செக், ராஜா எச்1, ராணி ஜி1-இல் பலி, யானை எடுத்தே ஆக வேண்டும், குதிரை எஃப்2-இல் மேட். இதை நீங்களே பார்த்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த மேட் ஏன் நடக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சி2-இல் வெள்ளை ராணி இருக்கிறது. இரண்டாவது வரிசை காலியாக இருந்திருந்தால் அது நேராக வந்து எஃப்2 குதிரையை வெட்டியிருக்கும். நடுவில் இ2-இல் நிற்பது வெள்ளையின் சொந்த பிஷப்! குதிரையை விரட்ட வந்த பிஷப்பே தன் ராணியின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

டி4 சிப்பாயால் சி5 பிஷப்பை எடுத்தால்? ராணி டி4 செக், ராஜா எச்1, ஜி4 குதிரை எஃப்2 செக். ராஜா ஜி1-க்குப் போனால் குதிரை எச்3-இல் இரட்டைச் செக், ராஜா மறுபடி எச்1, ராணி ஜி1-இல் பலி, யானை எடுக்கும், குதிரை எஃப்2-இல் மேட். சொந்தக் காய்களே ராஜாவை அடைத்துக்கொள்ளும் பழைய மூச்சுமுட்டும் மேட்தான், அச்சு அசலாக. யானையால் எஃப்2 குதிரையை எடுத்தாலோ ராணி அங்கே வந்து உட்கார்ந்து பி7 பிஷப்பின் துணையோடு ஜி2-இல் மேட் மிரட்டும்.

அதனால் ஆரோனியன் ஜி4 குதிரையை எடுத்தார், பிஷப் டி4-இல் செக், ராஜா எச்1, இ5 குதிரை ஜி4-இல் திருப்பி எடுத்தது, வெள்ளை கடைசியில் எஃப்8 யானையை எடுத்தது. இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி. ராணி எச்4 ஆடினால் வெள்ளைக்கு ராணி எச்7 செக் இருக்கிறது! டி3 பிஷப் போன பிறகு சி2-இலிருந்து எச்7 வரை மூலைக்கோடு காலி, எச்7-க்கு எஃப்8 குதிரையின் காவலும் உண்டு. ராஜா எச்7-இல் எடுக்க முடியாது, எஃப்8 குதிரையை எடுத்தால் எச்4 ராணி போய்விடும். ராணிகளை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தாக்குதல் அங்கேயே முடிந்தது, வெள்ளை கூடுதல் காயோடு நிம்மதியாக ஆடும். எஃப்5 அந்தக் கோட்டை அடைக்கிறது, ஜி4 குதிரைக்கும் தாங்கல் கொடுக்கிறது. நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். வெள்ளை ராஜாவுக்கு ஜி1 இல்லை, டி4 பிஷப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜி2 சிப்பாய்க்கு அசைவில்லை. ஏ1 யானையும் சி1 பிஷப்பும் ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றன. வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் இனாமாகக் கிடைத்தாலும் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது, அதுதான் காரணம்.

அரக்கோணம்_எக்ஸ்பிரஸ்:

அருமையான விளக்கம், ஆனால் ஞாயிறு சாரின் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். அந்த ஓப்பனிங் வரிசையை 2012-இல் கெல்ஃபாண்டோடு ஆடிய உலகப் பட்ட மேட்ச்சுக்காகத் தயார் செய்ததாக ஆனந்தே சொல்லியிருக்கிறார். அதாவது ஒரு பக்கம் உட்கார்ந்தவருக்கு நிலவரம் ஏற்கெனவே பழக்கம், எதிரில் உட்கார்ந்தவருக்கு எல்லாமே அப்போதுதான் தெரிகிறது. கடிகாரம் இருவருக்கும் ஒரே மாதிரி ஓடினாலும் அது சமமான சண்டை இல்லையே.

இதே வைக் ஆன் ஸீயில் 1999-இல் காஸ்பரோவ் டோப்பலோவுக்கு எதிராக டி4-இல் யானையைப் பலி கொடுத்து, கறுப்பு ராஜாவைப் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துக்கொண்டு வந்தாரே, அது பலகை முன் உட்கார்ந்து கண்டுபிடித்தது. பிள்ளைகளுக்கு மேதைமை என்று ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் அதைக் காட்டலாம் என்பது என் கருத்து. ஆனந்தின் ஆட்டம் அழகில்லை என்று நான் சொல்லவே இல்லை. தமிழ்நாட்டுக்காரர் ஆடியது என்பதற்காக ஒரு படி உயர்த்திப் பிடிக்கிறோமோ என்று மட்டும் தோன்றுகிறது.

கறுப்பு_ராணி:

யாருமே கடைசி நகர்த்தலைப் பற்றிப் பேசவில்லையே! எனக்கு இந்த ஆட்டத்தில் இ5 குதிரையைவிடவும் 23-வது நகர்த்தல்தான் பிடிக்கும். கறுப்பு ராணி எச்5-இல் நின்று எச்3-இல் மேட் மிரட்டுகிறது, ஏனென்றால் ஜி2 சிப்பாய் கட்டுண்டு கிடப்பதால் எச்3-இல் திருப்பி எடுக்க முடியாது. ஆரோனியன் ராணியை டி3-க்குக் கொண்டுவந்து மூன்றாவது வரிசை வழியாக எச்3-ஐக் காக்கிறார், கூடவே டி4 பிஷப்பையும் தாக்குகிறார். பார்த்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனந்த் அந்த பிஷப்பையே எடுத்து இ3-இல் வைக்கிறார். வரிசை அடைபட்டது, ஆட்டம் முடிந்தது, ஆரோனியன் கையை நீட்டிவிட்டார். பிஷப்பால் எடுத்தாலும் மேட், ராணியால் எடுத்தாலும் ராணி போய் அப்புறம் மேட். அந்த நிலையை நான் முதலில் பார்த்தபோது வெகுநேரம் பலகையைக் கலைக்க மனம் வரவில்லை.

பொன்மலை_64:

அரக்கோணம் நண்பருக்கு என் பதில் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு என்றால் ஏதோ விடைத்தாளை முன்பே பார்த்துவிட்டு வருவது மாதிரி நாம் பேசுகிறோம், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனந்த் செமி-ஸ்லாவுக்குள் போய் வருவது நேற்று இன்று பழக்கமில்லை. 2008-இல் பான் நகரத்தில் கிராம்னிக்கோடு ஆடிய பட்ட மேட்ச்சில் 3-வது, 5-வது ஆட்டங்களைக் கறுப்புக் காய்களில் வென்றார், இரண்டுமே இதே மேரான். அந்த மேட்ச்சைத் திருப்பிப் போட்டதே அந்த இரண்டு ஆட்டங்கள்தான். 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டோடு ஆடியபோதும் கறுப்பில் செமி-ஸ்லாவை நம்பித்தான் போனார். அங்கே பன்னிரண்டு ஆட்டத்தில் ஆளுக்கு ஒன்று ஜெயித்து 6–6, பிறகு வேக ஆட்டத்தில் 2.5–1.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார். பட்டம் கிடைத்தும் ஆட்டத்தில் உயிர் இல்லை, வயதாகிவிட்டது என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அந்த மேட்ச்சுக்காகச் செய்த வேலையில் பெரும்பகுதி பலகைக்கு வராமலே கிடந்தது. அதில் ஒரு துண்டுதான் எட்டு மாதம் கழித்து, 43 வயதில், இந்த ஆட்டத்தில் வெளியே வந்தது. பல வருட உழைப்பு அது. ஓட்டப்பந்தயக்காரர் வருடக் கணக்காகப் பயிற்சி செய்துவிட்டு வந்து ஓடினால் அதைக் குறையென்று யாராவது சொல்வோமா?

எதிராளி யார் என்பதையும் பாருங்கள். ஆரோனியன் அப்போது 2800 ரேட்டிங்கைத் தாண்டியவர், முந்தைய வருடம் 2012-இல் அதே போட்டியை வென்றவர். ஜி5 குதிரையும் எச்7 வெட்டும் அவரே விரும்பித் தேடிப்போன சண்டை, யாரும் அவரைப் பிடித்து இழுத்துவிடவில்லை. அப்படிப்பட்டவர் 16-இல் எங்கே விலகுவார், எந்தக் காயை முதலில் எடுப்பார் என்று வீட்டில் உட்கார்ந்து எல்லாக் கிளைகளையும் மனப்பாடம் செய்துவிட முடியாது. கிளை பிரிகிற இடத்தில் கோடுகளைப் புரிந்துகொண்டவரால்தான் எஃப்5 ஆட முடியும், வெறும் ஞாபகத்தில் வந்தவர் ராணியை எச்4-க்குக் கொண்டுபோய் எச்7 செக்கை வாங்கிக்கொண்டு நிற்பார்.

காஸ்பரோவ் – டோப்பலோவ் பெரிய ஆட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வரும் கணக்கின் ஆழம் பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாது, ராஜா ஓடுவதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் வரும் ஒவ்வொரு யோசனையையும் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பலகையில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிடலாம். ஊர்ப் பாசத்தில் சொல்கிறேனோ என்று கேட்பீர்கள். ஊர்ப் பாசம் எனக்கு உண்டு, மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் செஸ் கற்ற ஒருவர் உலகத்தின் உச்சியில் நின்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு அந்தப் பாசத்தின் சிபாரிசு தேவையில்லை.

பழைய கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1907-இல் லோட்ஸ் நகரத்தில் ராட்லெவிக்கு எதிராக அந்தக் காலத்துச் செஸ் மேதை அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடிய ஆட்டம் ஒன்று இருக்கிறது, 25 நகர்த்தல். அங்கேயும் பி7-இல் ஒரு பிஷப், ஜி1-க்கு வரும் மூலைக்கோட்டில் பி6-இலிருந்து இன்னொரு பிஷப், ஜி4-இல் குதிரை. வெள்ளை அங்கேயும் எஃப்4 ஆடி, அப்புறம் இ சிப்பாயையும் ஒவ்வொரு கட்டமாக இ5 வரை முன்னால் தள்ளித் தன் ராஜாவின் பாதையைத் தானே திறந்துவிட்டது. ஆனந்தே தன் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ரூபின்ஸ்டைனின் அந்த ஆட்டத்தை நினைவுகூர்ந்தார். இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. மேரான் என்ற பெயரே 1924-இல் இத்தாலியின் மேரான் நகரத்தில் நடந்த போட்டியில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக இதே ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடியதிலிருந்து வந்ததுதான். அப்படிப் பார்த்தால் ஆனந்த் தயார் செய்தது கெல்ஃபாண்ட் மேட்ச்சுக்காக இருக்கலாம், அந்த வேர் அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போட்டது.

2013 டாடா ஸ்டீல் போட்டியை வென்றது கார்ல்சன், 13-க்கு 10 புள்ளி, காஸ்பரோவின் 1999 சாதனையைச் சமன் செய்தார். இந்தத் தோல்விக்குப் பிறகும் ஆரோனியன் நிமிர்ந்து ஆடி 8.5 எடுத்து இரண்டாமிடம் வந்தார், ஆனந்த் 8. நவம்பரில் சென்னையில் கார்ல்சனிடம் 6.5–3.5 என்று பட்டம் போனதும் 2013 என்றாலே நம் ஆட்களுக்கு அந்தத் தோல்வி ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அரக்கோணம்_எக்ஸ்பிரஸ்:

வேர் என்று சொன்னீர்களே, அதை ஏற்றுக்கொள்கிறேன். தயாரிப்பும் உழைப்புதான், அதில் வாதமில்லை. இருந்தாலும் எதிராளிக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்காருவதற்கும் இரண்டு பேருமே இருட்டில் துழாவிக் கண்டுபிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்ற இடத்திலிருந்து நான் நகரவில்லை. லோட்ஸ் ஆட்டத்தை இப்போதே எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஞாயிறு_செஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இ2 பிஷப் தன் ராணியையே மறிக்கிறது என்ற விஷயம் என் கண்ணில் படவே இல்லை, இப்போது பலகையில் வைத்துப் பார்த்தால் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். 20-வது நகர்த்தலில் ஆரோனியன் எஃப்8 குதிரையை ஜி6-க்குக் கொண்டுபோகிறார். இ6-இல் ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டு ராணியையும் டி4 பிஷப்பையும் சேர்த்துத் தாக்கலாமே, அதை ஏன் விட்டார்? அப்புறம் 21-இல் எச்3 ஆடி ஜி4 குதிரையைத் தாக்குகிறார், ஆனால் கறுப்பு ராணி ஜி6-இல் குதிரையை எடுத்த பிறகு அவர் ஜி4-இல் எடுக்கவில்லை. பிள்ளைகள் கட்டாயம் இதைக் கேட்பார்கள். முழு ஆட்டத்தையும் ஒரே மூச்சில் காட்டலாமா, துண்டு துண்டாகவா என்பதையும் சொல்லுங்கள்.

மேரான்_பாதை:

இ6-இல் எடுத்தால் ராணி எச்4, எச்2-இல் மேட் மிரட்டல். எச்3 ஆடித் தடுத்தால் ராணி ஜி3. இப்போது ஜி4 குதிரையின் துணையோடு மறுபடி எச்2-இல் மேட் மிரட்டல், குதிரையை எச் சிப்பாயால் எடுத்தால் எச் கோடு திறக்கும், ராணி எச்4-க்குத் திரும்பி மேட். இ6 குதிரை அப்போது டி4 பிஷப்பை எடுத்தாலும் எச்2-இல் மேட் விழும். அதனால்தான் ஆரோனியன் ஜி6-க்குப் போனார், அங்கிருந்து குதிரை எச்4 கட்டத்தைக் காக்கிறது. ஆனந்த் எஃப்6-க்கு ராணியைக் கொண்டுவந்து அந்தக் குதிரையையே தாக்கினார். எச்3-க்குப் பிறகு ஜி6-இல் எடுத்தாயிற்று. இங்கே வெள்ளை ஜி4-இல் எடுத்தால் எச் கோடு திறக்கிறது, ராணி எச்6-இல் செக், ராஜாவுக்கு ஜி1 கிடையாது, நடுவில் வைக்கக் காயும் கிடையாது, மேட். சி1 பிஷப் எச்6-இல் எடுக்குமே என்று ஒரு பிள்ளை கேட்கும், எஃப்4-இல் வெள்ளைச் சிப்பாயே நிற்பதைக் காட்டுங்கள். 14-இல் ஒரு பாதையை அடைக்க வந்த சிப்பாய்தான் இப்போது தன் பிஷப்பையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

துண்டு துண்டாகத்தான் காட்ட வேண்டும் சார். ஓப்பனிங்கை வேகமாக ஓட்டிவிடுங்கள், 12 நகர்த்தல் வரை பிள்ளைகளுக்குச் சுவாரசியம் இருக்காது. 15-இல் பிஷப் சி5-க்கு வந்ததும் நிறுத்தி, சி5-இலிருந்து ஜி1 வரை விரலால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். 16-இல் கறுப்பின் நகர்த்தலைச் சொல்லாமல் பலகையை அப்படியே விட்டு, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லட்டும் என்று காத்திருங்கள், யாராவது ஒரு பிள்ளை தற்செயலாகவாவது இ5-ஐச் சொல்லும். பிறகு எஃப் சிப்பாயால் எடுக்கும் வரியை மேட் வரை ஆடிக் காட்டிவிட்டு, இ2 பிஷப்பை மட்டும் எடுத்து டி3-இல் வைத்து, இப்போதும் மேட்தானா என்று கேளுங்கள். ராணி ஓடிவந்து குதிரையை வெட்டுவதை அவர்களே பார்ப்பார்கள். 19-இல் எச்4-க்கு ராணியைக் கொண்டுபோகத்தான் எல்லோரும் துடிப்பார்கள், விட்டுவிடுங்கள், நீங்கள் வெள்ளையாக இருந்து எச்7-இல் செக் வையுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் லோட்ஸ் ஆட்டத்தில் 22-வது நகர்த்தல் நிலையை வையுங்கள், கறுப்பின் முறை. அங்கே எச்4-இல் இருக்கும் கறுப்பு ராணியை வெள்ளைச் சிப்பாய் ஒன்று தாக்குகிறது. ரூபின்ஸ்டைன் ராணியை நகர்த்தவில்லை, யானையால் சி3-இல் குதிரையை எடுத்தார். ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு, விடையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.